மீனுக்கு மாத்திரையா, தண்ணீரா?



வண்ண மீன் கடைகளில் 'ஃபைட்டர்' என்ற பெயரில் விற்கும் மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரலளவு உடல், பட்டுத் துணியை விரித்தாற்போன்ற வால், தன் நிழலோடும் சண்டைக்குப் போகும் குணம். இதன் தாயகம் தாய்லாந்து. 1910-இல் இதற்கு 'பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்' என்ற அறிவியல் பெயர் வழங்கப்பட்டது. 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. நம் காயல்பட்டினத்துக்கும் அந்நாட்டுக்கும் இரத்தின வணிகத் தொடர்பு உண்டு. வாப்பாவோ காக்காவோ பாங்காக்கில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இம்மீன் ஓரளவு உறவுக்கார மீன் என்றே சொல்லலாம்!

இம்மீனுக்கு அடிக்கடி வரும் நோய் துடுப்பு அழுகல். வாலின் ஓரம் கறுத்தோ வெளுத்தோ சிவந்தோ காணும். பின்னர் ஓரம் கந்தலாகி, நாளுக்கு நாள் துடுப்பு குட்டையாகும். இதைக் கண்டவுடன் பலர் செய்வது என்ன? வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்து, 'ஒரு சிட்டிகை' தூளைக் குப்பியில் தூவுவது. கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார் என்று காரணம் கூறுவார்கள். இது முதலில் செய்ய வேண்டிய வேலை அன்று. பெரும்பாலும் செய்யவே கூடாத வேலை என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

துடுப்பைத் தின்பவை ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். இவை எங்கிருந்தோ திடீரெனப் படையெடுத்து வருவன அல்ல. குளத்திலும் தொட்டியிலும் நல்ல மீனைச் சுற்றியும் எப்போதும் இருப்பவைதாம். மீனின் தோலும் அதன் மேலுள்ள வழுவழுப்பான படலமும் நலமாக இருக்கும் வரை அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. அப்படியானால் நேற்றுவரை சும்மா இருந்தவை இன்று ஏன் தாக்கின? விடை பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது.

ஃபைட்டர் மீனின் தலையில், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. அதன் உதவியால் அது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேராகவே சுவாசிக்கும். நம் தாமிரபரணிக் குளங்களில் கிடைக்கும் பனையேறிக் கெண்டைக்கும் இத்தகைய உறுப்பு உண்டு. இந்த வசதியே ஃபைட்டருக்கு வினையாகிவிட்டது. 'காற்றைக் குடித்து வாழும் மீன்தானே, ஹார்லிக்ஸ் பாட்டில் போதும்' என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆக்சிஜனை மேலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கழிவை எங்கே போடும்? மீன் தன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில்தான் விடுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா ஆகிறது.

இந்த அம்மோனியா எல்லாம் ஒரே அளவு நஞ்சும் அன்று. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற அம்மோனியம் அயனி அவ்வளவு கெடுதல் செய்யாது. மின்னேற்றம் இல்லாத அம்மோனியாதான் செவுளை அரிக்கும். 25 டிகிரி செல்சியஸில், பி.எச். மதிப்பு 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் நூற்றில் 5 பங்குக்கு மேல்! சோதனைச் சாலையில் நிறங்காட்டித் தாள் இருந்தால் உங்கள் வீட்டுக் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்களேன்.

இப்போது ஒரு சிறு கணக்கு. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் குப்பியில் உங்கள் மீன் நாளொன்றுக்கு ஒரு பங்கு கழிவு சேர்ப்பதாகக் கொள்வோம். வாரம் ஒருமுறை முழு நீரையும் மாற்றினால், ஏழாம் நாள் நீரில் 7 பங்கு இருக்கும். மாறாக, தினமும் பாதி நீரை மட்டும் மாற்றினால்? முதல் நாள் மாலை 1 பங்கு. பாதியைக் கொட்டியபின் ½. மறுநாள் மாலை 1½. அதில் பாதி ¾. அடுத்த மாலை 1¾. இப்படியே எத்தனை நாள் போனாலும் அது 2-ஐத் தாண்டாது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் வரும் பெருக்குத் தொடர்தான் இது! தினமும் கால் பங்கு மட்டும் மாற்றினால் எல்லை 4 என்று வரும், போட்டுச் சரிபாருங்கள். இனி, அதே மீனைப் பத்து லிட்டர் தொட்டியில் விட்டு வாரம் ஒருமுறையே நீர் மாற்றினாலும், செறிவு குப்பிக் கணக்கில் 0.7 பங்குதான். அதாவது, பெரிய தொட்டி வாங்கிய சோம்பேறியின் மீன், குப்பியில் வளர்க்கும் சுறுசுறுப்பானவனின் மீனைவிட நன்றாக இருக்கும். தொட்டி பழகிய பின் அதில் குடியேறும் வேறு வகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுப்பது மேலும் ஒரு லாபம்.

வெப்பநிலையும் அப்படியே. பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத் தொட்டியின் கன அளவு 1 லிட்டர், மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். பக்கம் 30 ஆனால் கன அளவு 27 மடங்கு. மேற்பரப்போ 9 மடங்குதான். எனவே பெரிய தொட்டி மூன்று மடங்கு மெதுவாகச் சூடேறும், மூன்று மடங்கு மெதுவாக ஆறும். பகலில் ஜன்னல் வெயிலிலும் இரவில் மின்விசிறிக் காற்றிலும் ஆடிப்போகும் குப்பி மீனுக்கு நோய் வருவதில் வியப்பென்ன?

சரி, மாத்திரைக்கு வருவோம். 'ஒரு சிட்டிகை' என்பது எத்தனை மில்லிகிராம்? எத்தனை லிட்டருக்கு? இயற்பியல் சோதனை ஏட்டில் இப்படி ஒரு அளவை எழுதி வந்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதோடு, டெட்ராசைக்ளின் மருந்து கால்சியம், மக்னீசிய அயனிகளோடு பிணைந்துகொள்ளும் இயல்புடையது. கடின நீரில் போட்டால் அதன் பெரும்பகுதி மீனுக்குள் போகாமலே வீணாகும். வெளிச்சத்திலும் அது சிதையும். ஆக, கிருமிக்குக் கிடைப்பது சாகாத அளவு மருந்து. இந்த ஆபத்தை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ஆம் ஆண்டு தம் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: கொல்லாத அளவு மருந்துக்கு ஆளான கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். பழகிய பாக்டீரியா அந்தத் திறனைத் தன் ஜீன் வழியே வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுக்க வல்லது. குப்பி நீரைச் சாக்கடையில் கொட்டும்போது அதையும் சேர்த்துத்தானே கொட்டுகிறோம்? 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இதில் மீன் குப்பியின் பங்கு மிகச் சிறியதாகவே இருக்கலாம். ஆனால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தை விளையாட்டுப் பொருளாக எடுத்தாளும் பழக்கம் இங்கிருந்தும் தொடங்குகிறதே!

'ஐயா, நீங்கள் பேசிக்கொண்டிருப்பதற்குள் என் மீன் செத்துவிட்டால்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அழுகல் துடுப்பின் அடிவரை வந்து உடலைத் தொட்டுவிட்டால், அல்லது மீன் தீனியைத் தொடாமல் அடியில் கிடந்தால், மருந்து தேவைப்படலாம். அதைக் கால்நடை மருத்துவரோ மீன் நோய் அறிந்தவரோ அளந்து சொல்லட்டும். நமக்கு அருகிலேயே தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. விசாரிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

மற்றபடி, ஓரம் மட்டும் கந்தலான மீனுக்கு இதைச் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் வெளியேறிவிடும். தொட்டி நீரின் வெப்பநிலைக்கே அந்நீரும் வந்தபின், தினமும் பாதி மாற்றுங்கள். 26 முதல் 28 டிகிரி வரை நல்லது. ஆறுமுகநேரி உப்பளத்து உப்பும் உதவும். நன்னீர் மீனின் உடலில் உப்புச் செறிவு மிகுதி. அதனால் சவ்வூடு பரவல் மூலம் நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். புண்பட்ட மீனுக்கு இந்தச் செலவு அதிகம். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் உப்பைத் தனியே கரைத்து ஒரு வாரம் சேர்த்தால் அந்தச் சுமை குறையும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த மட்டத்தை நிரப்ப வெறும் நீரே போதும். மாற்றும் பாதிக்கு மட்டும் உப்பு சேருங்கள். தாய்லாந்தில் மீன் வளர்ப்போர் காய்ந்த வாதாம் மரத்து இலையைப் போடுவதுண்டு. கெடுதல் இல்லை, ஆனால் அழுக்கு நீரில் இலை போட்டுப் பயனும் இல்லை.

தேறும் மீனின் வாலில் முதலில் கண்ணாடி போன்ற நிறமற்ற ஓரம் ஒன்று தோன்றும். அதைப் புதிய நோய் என்று எண்ணி மறுபடி மருந்தைத் தேட வேண்டாம். அதுதான் புதிய துடுப்பு. நிறம் பின்னால் வரும். தொட்டியின் வெளிப்புறம் ஓர் அளவுகோலை ஒட்டி வைத்து, வாரம் ஒருமுறை வாலின் நீளத்தைக் குறித்து வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். வாராவாரம் கோடு மேலே ஏறவில்லை என்றால், முதலில் எத்தனை லிட்டர் மாற்றினீர்கள் என்பதைப் பாருங்கள்.