பழைய ஸ்போர்ட்ஸ் கார்: விலை இறங்கும், செலவு இறங்காது

புனேவில் நம்ம ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரே மாதத்தில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். "சார், 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஒண்ணு விலைக்கு வருது, வாங்கலாமா?" நான் வங்கிக்காரன், மெக்கானிக் இல்லை. அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

தேய்மானம் காருக்குத்தான், உதிரி பாகத்துக்குக் கிடையாது. வண்டி விலை எவ்வளவு இறங்கினாலும் பிரேக் டிஸ்க்கும் கிளட்ச்சும் பணக்காரர் வண்டிக்கான விலையிலேயே நிற்கும். முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு, இடம் மாற்றிப் போட்டு ஓட்ட முடியாது. ஓட்டாமல் நிறுத்தினாலும் ரப்பர் இறுகிவிடும். 2008 வரை வந்த எஞ்சின்களில் ஐ.எம்.எஸ். பேரிங் என்று ஒன்று உண்டு. அது உடைந்தால் பெரும்பாலும் எஞ்சினே போச்சு!

அடுத்தது சர்க்கார் கணக்கு. 15 வருஷம் முடிந்தால் மறுபதிவு, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு முறை. இறக்குமதிக் காருக்கு 2022 ஏப்ரல் முதல் 40,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு அதை 2025 ஆகஸ்டில் 80,000 ஆக்கினார்கள். (டெல்லி வட்டாரத்துக்கு விதியே வேறு.) மாற்றலாகிப் போன மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே பதிவு, வரி. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மூட்டை கட்டுகிற நமக்கு இது சின்ன விஷயமா?

இன்ஷூரன்ஸிலும் ஒரு சங்கதி. சாதாரண பாலிசி க்ளெய்மில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். வண்டிக்கு 10 வருஷம் தாண்டினால் உலோக பாகங்களுக்கும் பாதிதான். மீதி நம் பையிலிருந்து.

ஆசைப்படக் கூடாது என்று சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் இ.எம்.ஐ. கட்டியவனுக்கு ஒரு ஆசை இருந்தால் என்ன தப்பு? ஆனால் பெர்சனல் லோனிலோ, பி.எஃப். பணத்திலோ வேண்டாம். முதலில் மாதம் 25,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. தொடங்குங்கள். பிள்ளைகளின் ஃபீஸ், தீபாவளிக்கு ஊருக்குப் போகிற டிக்கெட், அப்பா அம்மாவின் மருந்துச் செலவு எதிலும் கை வைக்காமல் ஒரு வருஷம் கட்ட முடிந்ததா? அந்த 3 லட்சம்தான் உங்கள் ரிப்பேர் நிதி. தாராளமாக வாங்குங்கள்.

நடுவில் இரண்டு தவணை தவறினால் வண்டியை மறந்துவிடுங்கள். அதில் இருப்பது இரண்டே சீட். செலவைச் சுமப்பது மொத்தக் குடும்பமும்.

நீங்க என்ன சொல்றீங்க?