மேட்டில் தெரியும் பாரம்

ஹைதராபாத் சமதளத்து நகரமல்ல. தக்காணத்தின் கருங்கல் பாறைகள் மீது ஏறி இறங்கும் ஊர். நகரின் கிழக்கே நாச்சாரம் தொழிற்பேட்டைக்கு டிபன் கேரியரைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் பயணிகள் கவனிக்காத ஏற்றத்தை அவரது முழங்கால் கவனித்துவிடும்.

அவருடையது 28 அங்குலச் சக்கரமும் பின்னோக்கி வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட கறுப்பு வண்டி என்றால், அதன் எடையே சுமார் 20 கிலோ. கியர் கிடையாது. முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருந்தால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். சமதளத்தில் சுகம்; மேட்டில் தண்டனை.

கணக்கு எளிது. ஆள் 60 கிலோ, வண்டி 20, கேரியரில் மூட்டை 20. இருபது அடிக்கு ஓரடி உயரும் மேட்டில் பெடல் மீது சராசரியாக 26 கிலோ அழுத்தம் வேண்டும். கால் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது மிதி பலிக்காது. அதனால் பெடல் படுக்கையாக வரும் கணத்தில் 40 கிலோ தேவை. மேடு இருமடங்கு செங்குத்தானால் 80 கிலோ. ஆளின் எடையோ 60தான்! எழுந்து நின்று மிதித்தாலும் போதாது. கைகளால் ஹேண்டில்பாரை இழுத்தாக வேண்டும். நிமிர்ந்து உட்காருவதற்காக வளைத்த கைப்பிடியோ, எழுந்தவுடன் முழங்காலுக்கு இடைஞ்சலாகிறது.

இறங்கித் தள்ளுவதில் அவமானமில்லை. 1910-ல் பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் முதன்முறையாக டூர்மலே கணவாயில் ஏறியபோது, அந்த ஆண்டு வென்ற ஆக்டவ் லாபீஸே சில இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கியர் மாற்றும் டிரெய்லரை அந்தப் பந்தயம் அனுமதித்தது 1937-ல்தான்.

மலிவான பரிகாரம் ஒன்று உண்டு. பின்னால் 22 பல் ஃப்ரீவீல் மாட்டி, செயினில் ஓரிரு கண்ணிகள் சேர்த்தால் 26 கிலோ 21 ஆகும். சமதளத்தில் கால் சற்று வேகமாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான். இறக்கத்தில் வேறு எச்சரிக்கை: மழையில் நனைந்த எஃகு ரிம்மைக் கம்பி பிரேக் சட்டென்று பிடிக்காது.

2023 அக்டோபரில் ஹைதராபாத்தின் மேற்கே, வெளிவட்டச் சாலையோரம் சூரிய மின்தகடுகளைக் கூரையாகக் கொண்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. உடற்பயிற்சிக்கு மிதிப்பவருக்கு நிழல் கிடைத்தது நல்லதே. நாச்சாரம் நகரின் மறுகோடியில் இருக்கிறது. பிழைப்புக்கு மிதிப்பவர் கூரை கேட்கவில்லை. மேட்டில் இறங்கித் தள்ளும்போது, பின்னால் வரும் லாரிக்குப் பயப்படாமல் நடக்கச் சாலையோரத்தில் நாலடி இடம் போதும்.