பெரிய மேளமும் சிறிய மனமும்

மேலைநாட்டு வாத்தியக் குழுவொன்றிற் சேர விரும்பும் இளைஞன் கடக்க வேண்டிய வழி நெடியது, ஆயினும் தெளிவானது. இளமைப் பயிற்சி, இசைக் கல்லூரி, பின்னர் போட்டித் தேர்வு. அமெரிக்கப் பெருங்குழுக்கள் பல 1970களிலிருந்து, தேர்வின் தொடக்கச் சுற்றுகளிலேனும், வாசிப்பவர்க்கும் நடுவர்க்கும் இடையே திரையொன்றைத் தொங்கவிட்டன. வாசிப்பவர் ஆணா பெண்ணா, கறுப்பரா வெள்ளையரா என்பது நடுவர்க்குத் தெரியாது. நாதம் மட்டுமே கேட்கும்.

யாழ்ப்பாணத்திலே குழுவாக வாசித்து, அதனாலேயே சீவிக்கும் கலைஞர் யாவர்? பெரிய மேளக்காரரே. கோயிற் கொடியேற்றம் முதற் கலியாணம் வரை, அவர்களின் நாதசுரமும் தவிலும் இன்றி நமக்கு எந்த மங்கலமும் நிறைவதில்லை. இம்மண்ணிற் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் (1933–1975) வாசிப்பைத் தமிழகத்து வித்துவான்களும் வியந்து போற்றினர். ஆனால், அந்த வரிசையில் அமர விரும்பும் பிள்ளைக்கு இங்கே திரை இல்லை. ‘நீ ஆற்றை பிள்ளை?’ என்பதே முதற் கேள்வி.

மிருதங்கம் பழக மகனை அனுப்பி, அரங்கேற்றமும் செய்விக்கும் குடும்பம் அவனைத் தவில் பழக அனுப்புமா? இரண்டும் தோற்கருவிகளே, இரண்டுக்கும் ஆதிதாளம் எட்டு எண்ணிக்கையே. ஒன்று ‘கலை’யாகவும் மற்றது ‘சாதித் தொழி’லாகவும் ஆனது எவ்வாறு? மகளைப் பற்றியோ கேள்வியே எழுவதில்லை.

பரம்பரைதான் இக்கலையைக் காத்தது என்பர் சிலர். குருவின் வீட்டிலே ஆண்டுக்கணக்காகச் செய்த சாதகமே அதைக் காத்தது. கூடு அணிந்த வலக்கை விரல்களும், தடி பிடித்த இடக்கையும், தளராத மூச்சும் கருவிலே வந்தவையல்ல. உழைப்பின் பேற்றைப் பிறப்பின் குணமென்பது உழைத்தவனை அவமதிப்பதாகும். வாசிப்புக்குத் தலையசைத்துவிட்டு, வாசித்தவனுக்குச் சரியாசனம் கொடுக்கத் தயங்கிய சமூகம் நமது.

மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக் கல்லூரி பின்னர் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அங்கு கற்றோர் பலர் இன்று நம் பாடசாலைகளிலே இசை கற்பிக்கின்றனர். நன்றே. எனினும், கற்பித்துச் சீவிக்க ஒரு வழியும் வாசித்துச் சீவிக்க வேறொரு வழியும் என நம் இசையுலகம் பிளந்து கிடக்கிறது. முதலாவதற்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. இரண்டாவதற்குத் திருவிழாக் காலமும் முகூர்த்த நாளும் மட்டுமே. மூச்சுத் தளர்ந்த நாதசுரக்காரனுக்கு யார் பொறுப்பு?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று: எப்பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், நாதசுரமும் தவிலும் பயிலத் திறந்த வாயில், கோயில் நிருவாகங்கள் எழுத்திலே தரும் ஊதிய உடன்படிக்கை, முதுமைக்கொரு சேமநிதி. இவற்றை வழங்குவது கருணையன்று, கடன்.

ஆசிரியத் தோழர்களே, நம் வகுப்பறையிலே தாளம் தப்பாமல் மேசையிலே தட்டும் மாணவன் ஒருவனேனும் இருப்பான். அவன் யாருடைய பிள்ளை என்று விசாரியாமல், தவில் பழக விருப்பமா என்று கேட்போம். திரையை நாம் அங்கே தொங்கவிடலாம்.