சிறிய பேட்டரி போதும் என்போருக்கு



அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் பழைய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அன்றைக்கும் வாசலில் மூன்று நின்றன. ஒரு தந்தை தம் வண்டியின் பக்க மூடியைக் கழற்றிப் பெருமையோடு காட்டினார். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில், அதில் பாதி அளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் பெட்டி. அது ஆடாமல் இருக்க ரப்பர்த் துண்டு செருகியிருந்தார்கள்.

“கிக் ஸ்டார்ட் வண்டிதானே சார்! பேட்டரி இல்லாமலேயே ஓடும். ஹோன் அடிக்க ஒன்னு இருந்தா போதும். பெரிசா வாங்கி ஏன் காசைக் கொட்டணும்?”

சுற்றி நின்ற நால்வரும் தலையாட்டினர். அவர்களுள் இருவர் ஆசிரியர்கள். அந்தத் தலையாட்டல்தான் என்னை இதை எழுத வைத்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்குச் சிறிய பேட்டரி பொருத்துவது குற்றமன்று. கணக்குப் பார்க்காமல் பொருத்துவதே குற்றம். பின்னிருக்கையில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர் அப்படிச் செய்தால், அது பெருங்குற்றம்.

அவர் சொன்னதில் உண்மை எவ்வளவு?

பாதி உண்மை. ஹோண்டா நிறுவனம் 1958இல் ஜப்பானில் தொடங்கிய ‘சூப்பர் கப்’ வரிசையைச் சேர்ந்தது சி70. அந்த வரிசை 2017இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. கிக் ஸ்டார்ட் மட்டுமே உள்ள பழைய 6 வோல்ட் சி70இல், தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரம் இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் காந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது. ஆகவே பேட்டரி செத்திருந்தாலும் வண்டி உதைத்தால் கிளம்பும். முகப்பு விளக்கும் அந்தக் காந்தச் சக்கரத்தின் மின்சாரத்திலேயே எரியும்.

1992 முதல் நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். “விளக்கு நன்றாக எரிகிறதே, பேட்டரி சரியாகத்தான் இருக்கிறது” என்று பலரும் எண்ணுவது இதனால்தான். அந்த விளக்கு பேட்டரிக்குச் சாட்சி சொல்லாது. பேட்டரியை நம்பி இருப்பவை வேறு: பிரேக் பிடிக்கும்போது எரியும் சிவப்பு விளக்கு, வளையும்போது கண்சிமிட்டும் சமிக்ஞை விளக்கு, ஹோன். பின்னால் வருகிற லாரி ஓட்டுநரிடம் “நிற்கிறேன், வளைகிறேன்” என்று உங்கள் சார்பில் பேசுபவை இவையே. வண்டி ஓடுவதற்குப் பேட்டரி வேண்டாம். நீங்கள் உயிரோடு வீடு திரும்புவதற்கு வேண்டும்.

முதற்கணக்கு: எவ்வளவு கேட்கிறது?

விளக்குக் குமிழின் அடிப்பகுதியில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 6 வோல்ட், 18 வாட் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மழையில் ஒரு சந்தியில் பிரேக் பிடித்தபடி வளைகிறீர்கள். சமிக்ஞை விளக்கு முன்னொன்று, பின்னொன்று, பிரேக் விளக்கு ஒன்று. மொத்தம் 54 வாட். அதை 6ஆல் வகுத்தால் 9 ஆம்பியர்.

சி70க்கு உரிய பேட்டரி 6 வோல்ட், 4 ஆம்பியர்-மணி. 9 ஆம்பியர் என்பது அதன் கொள்திறனைப் போல் இரண்டேகால் மடங்கு. அந்தத் தந்தை வைத்திருந்ததோ அவசர விளக்குகளில் பயன்படும் வகை, 1.2 ஆம்பியர்-மணி என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. அதற்கு அதே 9 ஆம்பியர் ஏழரை மடங்கு. கேட்டவுடன் அதன் மின்னழுத்தம் சரியும். விளக்கு மங்கும். பழைய வகைக் கண்சிமிட்டி மின்னோட்டத்தின் சூட்டினால் இயங்குவது. ஓட்டம் குறைந்தால் அது சிமிட்டாது. அரைகுறை வெளிச்சத்தில் அப்படியே நிற்கும். பின்னால் வருபவருக்கு மழையில் அது தெரியுமா?

இரண்டாம் கணக்கு: எவ்வளவு கொடுக்கிறது?

இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். இன்றைய வண்டிகளில் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் என்னும் சீராக்கி உண்டு. பழைய 6 வோல்ட் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. இயந்திரம் வேகமெடுக்க வேகமெடுக்கக் காந்தச் சக்கரம் கூடுதலாக அனுப்பும். அந்த மிகையைத் தாங்கி, மின்னழுத்தம் எகிறாமல் பிடித்து வைப்பது பேட்டரியே. சுருங்கச் சொன்னால், அந்த வண்டியின் சீராக்கி அதன் பேட்டரிதான்.

ஈய அமிலப் பேட்டரிக்குக் கொள்திறனில் பத்தில் ஒரு பங்கு அளவில் மின்னேற்றம் செய்வது பொது வழக்கம். 4 ஆம்பியர்-மணிக்கு 0.4 ஆம்பியர், 1.2க்கு 0.12 மட்டுமே. பெரியதற்காக அமைக்கப்பட்ட மின்னேற்றத்தைச் சிறியதற்குள் திணித்தால் என்ன ஆகும்? 6 வோல்ட் பேட்டரிக்குள் மூன்று அறைகள். ஓர் அறை ஏறத்தாழ 2.4 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளிருக்கும் நீர் வாயுவாகப் பிரியத் தொடங்கும். திறந்த வகையாக இருந்தால் வடிநீர் ஊற்றலாம். மூடிய வகைக்குள் ஊற்ற வழியில்லை. அது சூடாகி, உப்பி, வறண்டு சாகும். செத்தபின் மிகை மின்னழுத்தம் நேரே குமிழ்களுக்குப் போய் அவற்றையும் எரித்துவிடும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் விட்டுச்சென்ற சி70க்கு ஒரு கடையில் இத்தகைய பேட்டரியை நம்பி வாங்கினேன். மூன்றே வாரத்தில் அது பலாக்கொட்டையைப் போல் உப்பிப் பெட்டியை விட்டு வெளியே எடுக்க முடியாமல் போயிற்று. ரப்பர் மரம் வெட்டிய என் தந்தையார் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் மாதந்தோறும் பேட்டரியைக் கழற்றி, மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில் நீர் நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பட்டம் பெற்ற நான் பார்க்கவில்லை.

“சிறியது” என்றால் எது சிறியது?

எதிர்த்தரப்பினரின் நியாயத்தையும் கேட்போம். திறந்த பேட்டரி அமிலம் சிந்துகிறது. காற்றுக்குழாய் கழன்றால் இரும்பை அரிக்கிறது. பழைய அளவு எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் “சிறியது” என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று உருவம், மற்றொன்று கொள்திறன். உருவத்தில் மெலிந்தும் கொள்திறனில் குறையாமலும் 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி மூடிய பேட்டரிகள் உண்டு. பெட்டியின் உயரத்தை அளந்துகொண்டு, 6 வோல்ட்டுக்குரிய சீராக்கி ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினால் அது நேர்மையான தேர்வு.

அதைவிடக் குறைக்கத்தான் வேண்டுமா? அப்படியானால் வரிசை மாறக்கூடாது. முதலில் சீராக்கி. அடுத்து, மின்சாரம் குறைவாகக் கேட்கும் எல்இடி குமிழ்களும் அவற்றுக்கேற்ற கண்சிமிட்டியும். பிறகு மேற்சொன்ன இரு கணக்குகளையும் புதிதாகப் போடுதல். கடைசியில்தான் பேட்டரி. நம்மவர்கள் செய்வதோ தலைகீழ். கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு, முதற்படி எங்கே என்று தேடுகிறார்கள்.

லித்தியம் பேட்டரி விற்போருக்கும் ஒரு சொல். பல பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது உண்மையான கொள்திறன் அன்று. ‘ஈயப் பேட்டரியின் இத்தனைக்குச் சமம்’ என்னும் ஒப்பீட்டு எண். வாங்குபவர் அதையே கொள்திறன் என்று படிக்கிறார். சீராக்கி இல்லாத பழைய வண்டியில் லித்தியத்தைப் பொருத்துவது சிக்கனம் ஆகாது, ஆபத்து.

காசுக் கணக்கிலும் அவர்கள் தோற்கிறார்கள். மலிவானதை ஆண்டுக்கு மூன்று முறை மாற்றினால் எங்கே மிச்சம்? செத்த மூன்றும் எங்கே போகின்றன? ஈய அமிலப் பேட்டரிக் கழிவு நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி தனிப் பட்டியலில் வைத்துக் கையாளப்பட வேண்டிய கழிவு. குழந்தைகளின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் எறிந்துவிட்டுப் போவது யாருடைய பிள்ளைக்கு?

தலையாட்டிய ஆசிரியர்களுக்கு

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்று வந்தபோது நாம் வருந்தினோம், எதிர்த்தோம். அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக 2009இல் அரசு அறிவித்தபோது மகிழ்ந்தோம். தமிழில் அறிவியல் கற்பிக்கலாம் என்பது நம் வாதம். அந்த வாதம் மேடையில் மட்டும் வென்றால் போதுமா? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இது தொடக்கப்பள்ளி வகுத்தல் கணக்கு. தாளில் மின்கலமும் குமிழும் வரையச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். பள்ளி வாசலில் உண்மையான மின்கலம் ஒன்று தவறாக நிற்கும்போது தலையாட்டுகிறோம். பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்? பாடம் வேறு, வாழ்க்கை வேறு என்பதைத்தான்.

அந்தத் தந்தையின் பின்னிருக்கையில் அமர்ந்து போவது எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி. மறுநாள் அவளையே அழைத்து, இந்த வகுத்தலைக் கரும்பலகையில் போட வைத்தேன். ஒன்பது என்று எழுதினாள். ஒன்றே கால்கூட இல்லாத எண்ணை அதன் பக்கத்தில் எழுதினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அப்பாகிட்ட சொல்றேன் சார்” என்றாள்.

இன்று மாலை உங்கள் வண்டியின் பக்க மூடியைத் திறவுங்கள். பிள்ளையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். பேட்டரியில் உள்ள எண்ணை அவர்கள் படிக்கட்டும். குமிழில் உள்ள எண்ணையும் படிக்கட்டும். கணக்கை அவர்களே போடட்டும். விடை சரியாக வந்தால் சிறிய பேட்டரியையே வையுங்கள், எனக்கு மறுப்பில்லை. வராவிட்டால், காசு மிச்சம் என்று அவர்கள் முன்னிலையில் மட்டும் சொல்லாதீர்கள்.