பெயரில்லாத மழையும் ஏரிகளின் சங்கிலியும்

செங்கல்பட்டு மாவட்டம் அண்மைக் காலத்தில் கண்ட பேரிடர்களில் புயல்களே முதலில் பேசப்படுகின்றன என்றாலும், அதன் வடபகுதியைப் பெரிதும் சிதைத்த மழைக்குப் பெயரே கிடையாது. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த 49 செ.மீ. மழையைக் கொண்டுவந்தது, வங்கக் கடலில் புயலாக வலுப்பெறாமலே நின்ற காற்றழுத்தத் தாழ்வு நிலை, அதாவது காற்றின் அழுத்தம் குறைந்து சுற்றிலுமுள்ள ஈரக்காற்றை உள்ளிழுக்கும் பகுதி. மாறாக, 2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல், மணிக்கு 85 கி.மீ. வரை சூறைக்காற்று வீசி மரங்களைச் சாய்த்தபோதிலும், அத்தகைய வெள்ளத்தை விளைவிக்கவில்லை.

2015இல் நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டதால், டிசம்பரில் விழுந்த நீர் தங்க இடமின்றி அடையாற்றுக்குப் பாய்ந்து முடிச்சூர் போன்ற ஊர்களுக்குள் புகுந்தது. நிரம்பிய ஏரியின் உபரிநீரைக் கலங்கல் வழியே, அதாவது கரையில் கற்கட்டாக அமைத்த வழிந்தோடி வழியே, அடுத்த ஏரிக்கு அனுப்பும் சங்கிலித் தொடரே இந்நிலத்தின் பழைய காப்பு. அதன் கால்வாய்கள் தூர்ந்தும் மனைகளாகியும் போன இடங்களில் நீர் தெருவையே வழியாக்கிக் கொள்கிறது.

மழை பொய்க்கும்போதும் இத்தொடரே துணை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, பசிபிக் பெருங்கடல் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடையும் எல் நினோ நிகழ்வின் விளைவாகச் சீனாவும் பிரேசிலும்கூட வறண்டன. அப்போது நிவாரணப் பணியாக ஒரு பகுதி வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாய், இன்று பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியே வரும் வெள்ளத்தை முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கடலுக்குச் சேர்க்கிறது.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் என்று இறைவனுக்கே பெயர் வழங்குவது, கரையைக் காப்பதை இம்மக்கள் எவ்வளவு பெரிய கடமையாகக் கருதினர் என்பதைக் காட்டுகிறது. பெருமழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆயினும் கலங்கலையும் கால்வாயையும் முகத்துவாரத்தையும் ஒரே நீர்வழியாகக் கருதி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஆண்டுதோறும் திறந்து வைப்பது அரசும் ஊராரும் செய்யக்கூடியதும் செய்தே தீரவேண்டியதுமான பணியாகும்.