மாடு ஒன்று, பத்திரம் வேறொன்றா?

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது அக்கரைப்பற்று - கல்முனை நெடுஞ்சாலையில் மாடுகளை ஏற்றிய லொறிகள் அதிகமாக ஓடத் தொடங்கிவிடும். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர் என அடுத்தடுத்துள்ள ஊர்களின் பள்ளிவாசல்கள் உழ்ஹிய்யாவுக்கான கால்நடைகளை ஒழுங்கு செய்யும் காலம் அது. அதே காலத்தில்தான் வீதிச் சோதனைகளும் "பத்திரம் எங்கே?" என்ற கேள்வியும் கூடுகின்றன. இக்கேள்வி கேட்கப்படுவது தவறல்ல என்பதே எமது கருத்தாகும். ஆனால் கேட்கப்படும் அந்தப் பத்திரம் உண்மையில் எதனை நிரூபிக்கின்றது என்பதையும் நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கின்றது.

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் மாடுகளை அறுப்பதையும் அவற்றுக்குக் குறியிடுவதையும் இடம்விட்டு இடம் கொண்டு செல்வதையும் கட்டுப்படுத்துகின்றது. நடைமுறையில், விற்பவரின் உரிமைச் சீட்டு, கால்நடை வைத்திய அதிகாரியின் உடல்நலச் சான்றிதழ், பிரதேச செயலகத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் ஆகியன இருந்தாக வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மாடும் லொறியும் பொலிஸ் நிலையத்தில், சாரதி நீதிமன்றத்தில். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் ஆண்டுதோறும் இப்பத்திரங்களைச் சரிவர வைத்திருக்குமாறு வலியுறுத்தி வருகின்றது.

எமது கரையோரத்திற்கு வரும் மாடுகள் பெரும்பாலும் பட்டி மாடுகள். வயல் விதைக்கப்பட்டதும் மேய்ச்சல்தரைகளை நோக்கிச் செல்பவை, அறுவடை முடிந்ததும் ஒட்டுத்தாளை மேயத் திரும்புபவை. பட்டிக்காரர் தமிழராகவும் இருப்பார், முஸ்லிமாகவும் இருப்பார். வாங்குபவர் அடுத்த ஊரவர். இவர்களுக்கிடையே மாட்டின் அடையாளமாகத் தலைமுறைகளாக இருந்து வந்தது சுடப்பட்ட குறி ஒன்றேயாகும். தழும்பு மங்கலாம், ஒரு குறியின் மேல் இன்னொரு குறியும் விழலாம். களவு போன மாடு எந்த ஊரில் அறுபட்டது என்ற சந்தேகம் எழுந்தால் அது ஒரு தனிமனிதர் மீது மட்டும் விழுவதில்லை. அயலிலுள்ள ஊர் முழுவதின் மீதும் விழுந்துவிடுகின்றது. வட்டமடு மேய்ச்சல்தரை தொடர்பாகப் பண்ணையாளர்களுக்கும் வயற்காரர்களுக்கும் இடையே நீண்டகாலமாக நிலவும் இழுபறியைக் கண்ட பிரதேசத்தில் இது சிறு விடயமன்று.

"சிவப்புக் காளை ஒன்று, நோயற்றது" என்று மட்டும் எழுதப்படும் சான்றிதழ் எந்தச் சிவப்புக் காளைக்கும் பொருந்தும். அதனை வைத்து இன்று ஒன்றையும் நாளை இன்னொன்றையும் ஏற்றிச் செல்லலாம். நேர்மையானவருக்குச் செலவையும் அலைச்சலையும் தருகின்ற அத்தாள், களவெடுப்பவருக்குக் கவசமாகிவிடுகின்றது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறைபாடல்ல. ஐரோப்பாவில் குதிரைகளுக்குக் கடவுச்சீட்டு உண்டு. குதிரையின் அங்க அடையாளங்களும் தடுப்பூசி விபரங்களும் அதில் பதியப்படும். அது உணவுக்காக அறுக்கப்படத் தகுதியானதா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வாறிருந்தும் 2013இல் மாட்டிறைச்சி என்ற பெயரில் குதிரை இறைச்சி பல நாடுகளில் விற்கப்பட்டமை அம்பலமானது. கடவுச்சீட்டு இருந்தும், விலங்கிலிருந்து பத்திரத்தைப் பிரிக்க முடிந்தமை அங்கு வெளிப்பட்ட பலவீனங்களில் ஒன்றாகும். பின்னர் விதிகள் இறுக்கப்பட்டன; இங்கிலாந்தில் 2020 ஒக்டோபர் முதல் ஏறத்தாழ எல்லாக் குதிரைகளின் கழுத்திலும் இலக்கமுள்ள நுண்சில்லு இருப்பது கட்டாயமாக்கப்பட்டது. பத்திரத்திலுள்ள இலக்கமும் உடலிலுள்ள இலக்கமும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

நோயின் கோணத்தில் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகின்றோம். கால்வாய் நோய் தொற்றிய மாடு, வாயில் புண் தோன்றுவதற்கு முன்னரே கிருமியைப் பரப்பக் கூடியது. மாட்டைப் புறத்தே பார்த்துக் கையொப்பமிடும் வைத்திய அதிகாரி அதனை எங்ஙனம் அறிவார்? அந்த மாட்டுக்கு எப்போது தடுப்பூசி ஏற்றப்பட்டது, அதன் பட்டியில் நோய் இருந்ததா என்ற பதிவு அவர் முன் இருந்தாலன்றி அச்சான்றிதழ் ஓர் ஊகமே. தோல் கழலை நோய் 2020இல் வடக்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டுப் பின்னர் ஏனைய பகுதிகளுக்கும் பரவியது. 2022 டிசம்பரில் கடுங்குளிரினால் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டபோது இறைச்சியைக் கொண்டு செல்வதற்கே தற்காலிகத் தடை விதிக்க நேர்ந்தது. எந்தப் பட்டியில் எந்த மாடு என்ற கணக்கு கையிலிருந்தால், நலமாயிருந்த பட்டியின் சொந்தக்காரர் இத்தகைய தடையால் நட்டப்பட வேண்டியதில்லை.

உழ்ஹிய்யாவுக்கான பிராணி குருடாகவோ நொண்டியாகவோ நோயுற்றதாகவோ இருக்கலாகாது, களவாடப்பட்டதாக இருக்கவே கூடாது என்று மார்க்கமே நிபந்தனை விதிக்கின்றது. ஆகவே முறையான அடையாளப் பதிவைக் கண்டு முஸ்லிம்கள் அஞ்சுவதற்கு எதுவுமில்லை. மாடறுப்பைத் தடுக்கும் யோசனைக்கு 2020இல் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியதன் பின்னர், பத்திரம் என்றாலே அதற்குப் பின்னால் வேறு நோக்கம் இருக்குமோ என்ற ஐயம் எமது மக்களிடம் எழுந்துள்ளமையையும் அதிகாரிகள் புரிந்துகொள்ள வேண்டும்.

தடுப்பூசி ஏற்றப் பட்டிக்குச் செல்லும் அன்றே ஒவ்வொரு மாட்டின் காதிலும் இலக்க வில்லையை இடுவதும், அந்த இலக்கத்தை உரிமைச் சீட்டிலும் சான்றிதழிலும் அனுமதிப்பத்திரத்திலும் எழுதுவதும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தால் செய்ய முடியாத காரியமல்ல. அம்பாறை, மொனராகலைப் பக்கங்களில் லொறியை மறிப்பவருக்கும் புரியும் வகையில் பத்திரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். பெருநாளுக்கு முந்திய வாரங்களில் மேலதிக வைத்திய அதிகாரிகளை இக்கரையோரப் பிரதேசங்களுக்கு அனுப்புவதற்கான ஏற்பாட்டைக் கிழக்கு மாகாண நிர்வாகம் இப்போதே செய்ய வேண்டும். பெருநாளுக்கு முதல்நாள் அலுவலக வாசலில் வரிசை நீண்ட பின்னர் ஆளனுப்புவதில் பயனில்லை.