அறுவைக்குப் பின்னும் உறங்கும் பகை

சிறுநீரகத்தில் தோன்றிய புற்றுநோய்க் கட்டியை அறுவை மருத்துவம் அகற்றிவிட்டது. ஐந்தாண்டுகள் நலமாகக் கழிந்தன. இனி அச்சமில்லை என்றெண்ணி மருத்துவமனைப் படியேறுவதை நிறுத்திக்கொள்வோர் பலர். ஒருநாள் விடுப்பு ஒருநாள் கூலியை விழுங்கிவிடும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிலாளர் இல்லங்களில் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், பத்தாண்டுகள் கடந்தும், அரிதாக இருபதாண்டுகள் கடந்தும், இந்நோய் நுரையீரலிலோ எலும்பிலோ கணையத்திலோ மீண்டும் தலைகாட்டுவதுண்டு.

அறுத்தெறிந்த நோய் எவ்வாறு திரும்புகிறது? இதற்கான விடை உயிரணுவின் மரபுப் பொருளில் இருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒரே வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் மூன்றாம் குரோமோசோமின் குட்டையான பகுதி இழக்கப்பட்டிருக்கும். 'வி.எச்.எல்.' என்னும் காவல் மரபணு அமைந்திருப்பது அங்கேதான். 1993இல் கண்டறியப்பட்ட இம்மரபணு முற்றிலும் செயலிழந்தால், உயிரணு தனக்குப் பிராணவாயு போதவில்லை என மயங்கிப் புதிய இரத்தக் குழாய்களை வருவித்துக்கொள்ளும். உயிரணு பிராணவாயுவை உணரும் முறையை விளக்கிய கெலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவர் 2019இல் நோபல் பரிசு பெற்றனர்.

2018இல் வெளியான ஆய்வுகள் மேலும் வியப்பூட்டுகின்றன. அந்த முதல் இழப்பு பலருக்கு இளம் பருவத்திலேயே நேர்ந்துவிடுகிறது; கட்டி வெளிப்படுவதோ பல பத்தாண்டுகளுக்குப் பின்னர். இடையில் சேரும் மாற்றங்களே நோயின் போக்கைத் தீர்மானிக்கின்றன. ஒன்பதாம், பதினான்காம் குரோமோசோம்களின் பகுதிகளையும் இழந்த அணுக்கள் பரவும் ஆற்றல் மிக்கவை. மாற்றங்கள் மெல்லச் சேரும் கட்டியிலிருந்து அறுவைக்கு முன்பே பிரிந்து சென்ற சில அணுக்கள், வேறோர் உறுப்பில் நெடுங்காலம் மறைந்திருந்து பின் வளரக்கூடும். ஆகவே, நோய் திரும்புவது நோயாளியின் குற்றமன்று. அறுவை செய்தவரின் குறை என்று கருதவும் வேண்டியதில்லை.

வாசக அன்பர்களே! ஐந்தாண்டுகளுக்குப் பின் பரிசோதனை எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை தேவை என்பதை மருத்துவரிடமே கேட்டறியுங்கள். அறுவைக் குறிப்பையும் திசுப் பரிசோதனை அறிக்கையையும் வீட்டுப் பத்திரம் போலக் காத்து வையுங்கள். பின்னாளில் நுரையீரலில் ஒரு புள்ளி தென்பட்டால், அது பழைய நோயா, புதியதா எனத் தெளிய அவை துணைபுரியும். நீங்காத இருமல், எலும்பு வலி, காரணமற்ற மெலிவு ஆகியவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்.

புகைப்பழக்கம், உடற்பருமன், இரத்த அழுத்தம் ஆகியவை இந்நோய்க்கு வழிகோலுபவை. உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎதிலீனும் இந்நோயை உண்டாக்கவல்லது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முடிவு செய்தது. பட்டறைத் தொழிலாளர் இதனை அறிந்திருத்தல் நலம்.

ராயபுரத்தாருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் நிலையமும் எட்டாத தொலைவில் இல்லை. ஒருநாள் கூலி போனால் மறுநாள் ஈட்டலாம். காலம் தவறினால் ஈடுசெய்வது அரிது.